போதும்பொண்ணும் செம்பருத்தியும்

என் கடைசித் தங்கையின் பெயர் செம்பருத்தி. சொன்னதும் கேட்பவர்கள் ஒரு கணம் நிற்பார்கள், பிறகு சிரிப்பார்கள். மல்லிகா என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. செண்பகம் என்றாலும் கேட்பதில்லை. செம்பருத்தி என்றால் மட்டும் ஏன், எதற்கு, யார் வைத்தது என்று விசாரணை. இந்த நாட்டில் அது தேசிய மலர் வேறு. பள்ளிக்கூடத்தில் மலாய்ப் பிள்ளைகளுக்கு அர்த்தம் சொல்லப்போய் அவள் 'புங்கா ராயா' ஆகிவிட்டாள். கொடியேற்றும் நாளில் வரிசையே அவளைத் திரும்பிப் பார்க்குமாம். வீட்டுக்கு வந்ததும் பையை வீசிவிட்டு அழுவாள். நாங்களும் சும்மா இருந்தோமா? அவசரத்துக்கு 'செம்பு' என்று சுருக்கிக் கூப்பிட்டு இன்னும் அழவைத்தோம்.

அம்மாவிடம் கேட்டால், பூவின் பெயர்தானே, அதற்கென்ன என்று முடித்துவிடுவாள். அதனால் கேள்வியெல்லாம் மூத்தவளான என் தலையில் விழும். அம்மனுக்குப் பிடித்த பூ என்று ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். தலைமுடிக்கு நல்லது என்று இன்னொருவரிடம். இப்போது தங்கையின் மகளும் கேட்க ஆரம்பித்திருக்கிறாள். எனக்குச் சலித்துப்போய்விட்டது. உண்மையைச் சொல்வதென்றால் அம்மாவின் அசதியிலிருந்து தொடங்க வேண்டும். அந்த அசதியை நினைத்தாலே எனக்கு இடுப்பு வலிக்கிறது.

அப்போது நாங்கள் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் லாரியில் வேலை. நாங்கள் நான்கு பெண்கள். நான் ஆறாம் வகுப்பு. நான்காமவளுக்கு மூன்று வயது. நடுவில் தங்காமல் போனவையும் உண்டு, அதை அம்மா பேசமாட்டாள். துணி துவைத்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நிறுத்திவிட்டு, கல்லின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நிற்பாள். என்னம்மா என்றால் ஒன்றுமில்லை என்பாள். ஐந்தாவது வயிற்றில் இருந்தபோது அப்படி நிற்பது அதிகமாகிவிட்டது.

ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தது. ஆஸ்பத்திரியில் தாதி வந்து சொன்னபோது அம்மா கண்ணைத் திறந்தாளாம். ஜன்னலுக்கு வெளியே வேலி, வேலி முழுக்கச் சிவப்புச் செம்பருத்தி. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாளாம். வேறு எதையும் யோசிக்கத் தெம்பில்லை. பெயரின் பூர்வீகம் அவ்வளவுதான். நட்சத்திரம் இல்லை, கனவு இல்லை, வேண்டுதலும் இல்லை. பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்தபோது அம்மாவின் வாயில் வந்த முதல் சொல் அது.

நோயாளிகளைப் பார்க்க விடுகிற நேரத்துக்கு அப்பா வந்தார். பிள்ளையைப் பார்த்தார். சாப்பிட்டாயா என்று அம்மாவிடம் கேட்டார். பிறகு வெளி வராந்தாவில் போய் நின்றுகொண்டார். அவர் கோபக்காரர் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. ஆனால் எதுவும் பேசாமல் நிற்கும் மனிதரோடு சண்டை போடவும் முடியாது, சமாதானம் ஆகவும் முடியாது. அன்று அவர் மேல் எனக்கு வந்த எரிச்சல் இன்றும் முழுதாகப் போகவில்லை.

பிள்ளைப்பேறு பார்க்க அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். தீவுக்குப் பாலம் இல்லாத காலம். பஸ் ஏறி, பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி பிடித்து, இரண்டு கையிலும் பைகளோடு வந்து இறங்கினாள். பையில் பூண்டு, பெருங்காயம், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்துச் சாமான், நல்லெண்ணெய். அம்மாவின் ஒவ்வொரு பிரசவத்துக்கும் அவள்தான் சம்பளமில்லாமல் லீவு போட்டுக்கொண்டு வருவாள். விடிவதற்கு முன் எழுந்து மருந்து அரைப்பாள், வெந்நீர் போடுவாள், அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்து ஊற்றுவாள், சுறாப்புட்டு செய்வாள், எங்களுக்குத் தலை பின்னிவிடுவாள். மத்தியானத்தில் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தே தூங்குவாள். அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் இல்லாவிட்டால் எங்கள் அம்மா எப்போதோ படுத்த படுக்கையாகியிருப்பாள்.

அத்தையின் பெயர் போதும்பொண்ணு. தோட்டத்தில் தாத்தாவுக்கு வரிசையாகப் பெண்களாகப் பிறந்து, இவளும் பெண்ணாகப் பிறந்ததும், பெண் போதும் என்று சாமிக்குத் தெரியட்டும் என அப்படிப் பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்துத் தோட்டங்களில் இப்படிப் பெயர் கொண்டவர்கள் பலர் உண்டு. பெயரும் பலித்துவிட்டது. அடுத்து எங்கள் அப்பா பிறந்தார். "என் பேர வெச்ச பின்னாலதான் உங்கப்பன் பொறந்தான்" என்று அத்தை நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொல்வாள். தம்பியைக் கொண்டுவந்ததே தன் பெயர்தான் என்று அவள் மனசார நம்பினாள்.

ஒரு பள்ளி விடுமுறையில் நான் அவளோடு தோட்டத்தில் தங்கியிருந்தேன். இருட்டு விலகாத நேரத்தில் பெரட்டு நடக்கும். வேலைக்காரர்கள் வரிசையில் நிற்க, கிராணி பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார். அத்தையின் பெயர் வந்ததும் வரிசையில் ஒருவன், "போதுமா, இன்னும் வேணுமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். புதிதாகச் சிரித்த மாதிரித் தெரியவில்லை, தினமும் சிரிக்கிற சிரிப்பு. அத்தையும் கூடவே சிரித்தபடி வாளியைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டாள். எனக்குத்தான் முகம் எரிந்தது.

எங்கள் வீட்டில் முப்பதாம் நாள் பெயர் வைப்பது வழக்கம். அதற்கு ஒரு வாரம் முன்பே அத்தை பேச்சை எடுத்தாள். இந்தப் பிள்ளைக்கும் தன் பெயரையே வைத்துவிடலாம், அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்றாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "அக்கா சொன்னா சரிதான்லா" என்றார். அவ்வளவு பெரிய விஷயத்துக்கு அவர் செலவழித்த வார்த்தை அவ்வளவுதான்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மா பாயில் படுத்திருந்தாள். அவள் அத்தையை எதிர்த்து ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அன்று படுத்தபடியே, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"எனக்குப் போதும்னா அத நான் சொல்லிக்கிறேன். ஏன் அந்தப் புள்ள தலையில எழுதணும்?"

அப்பா எழுந்து கை கழுவப் போனார். அத்தை தடுப்புப் பக்கம் போய், பிள்ளைக்கு என்ன பெயர் நினைத்திருக்கிறாய் என்று கேட்டாள். அம்மா சொன்னாள். அது வேலியில் பூக்கிற பூவாயிற்றே, அதையெல்லாமா பெயராக வைப்பார்கள் என்று அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. அதிலேயே அத்தைக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

பிறகு அத்தைதான் வழி சொன்னாள். பூக்கட்டிப் பார்ப்போம், சாமி சொல்கிறபடி ஆகட்டும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, வெளியே தெரியாமல் இலையில் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒன்றும் அறியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் போதும்பொண்ணு. சிவப்பு வந்தால் செம்பருத்தி. பொட்டலத்தை யார் கட்டுவது என்று வந்தபோது, "நீயே கட்டு. நாளைக்கு நான் ஏதோ பண்ணிட்டேன்னு உனக்குத் தோணக்கூடாது" என்று அம்மாவிடமே விட்டுவிட்டாள். நியாயம் என்றால் அவளுக்கு அப்படி நியாயம்.

முப்பதாம் நாள் காலையில் அத்தை பாசாருக்குப் போய் ஒரு கைப்பிடி மல்லிகை வாங்கி வந்தாள். அன்றைக்கு விலை அதிகமாம். எங்கள் தலைக்கு வைக்கக்கூட மிச்சமில்லை. அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரக்கூந்தலோடு குசினியின் பின்பக்கம் உட்கார்ந்தாள். பக்கத்து வேலியிலிருந்து செம்பருத்தி பறித்துவரச் சொல்லி என்னை அனுப்பினாள். ஒன்று போதாதா என்றேன். வாடிப்போனால் என்ன செய்வது, இரண்டாகப் பறி என்றாள்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வாழையிலைத் துண்டில் ஒரு செம்பருத்தியை வைத்து மடித்து நாரால் கட்டினாள். இன்னொரு துண்டை எடுத்தாள். அதிலும் செம்பருத்தியை வைத்து மடித்துக் கட்டினாள். அத்தை வாங்கிவந்த மல்லிகையைக் கையில் அள்ளி, சமையல் தண்ணீர் ஓடுகிற லோங்காங்கில் போட்டாள். அது உடனே போகவில்லை, மிதந்துகொண்டு நின்றது. ஒரு வாளி தண்ணீரை எடுத்து ஊற்றினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். யாரிடமும் சொல்லாதே என்றுகூடச் சொல்லவில்லை. அவ்வளவு களைத்திருந்தாள்.

அம்மா சாமிக்குப் பயந்தவள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்காமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். அப்படிப்பட்டவள் அம்மன் காலடியிலேயே கள்ளத்தனம் செய்யத் துணிந்தாள் என்றால், அந்தப் பெயர் அவளை எங்கே குத்தியிருக்கும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. எனக்கு இருந்ததெல்லாம் பயம். மாட்டிக்கொண்டால் அத்தை இனி இந்த வாசலை மிதிக்கமாட்டாள். அத்தை வராவிட்டால் அம்மா என்ன ஆவாள்? பிள்ளைக்கும் வாழ்நாள் முழுக்க அந்தப் பெயர்தான்.

கோயில் நடந்துபோகிற தூரம். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அத்தை தேங்காய் பழத்தோடு அந்த இரண்டு பொட்டலமும் இருந்த தட்டை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தாள். அப்பா கடைசியில் வந்தார். பாதி வழியில் அத்தையின் நடை கொஞ்சம் மெதுவானது மாதிரி இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். மூன்று வயதுத் தங்கையை எடுக்கச் சொன்னார்கள். அது எடுக்காமல் வாழைப்பழத்தைக் கேட்டு அடம்பிடித்தது. அப்பா ஒன்றை உரித்துக் கொடுத்த பிறகு, பழத்தைத் தின்றுகொண்டே ஒரு பொட்டலத்தை எடுத்தது. பூசாரி பிரித்தார். சிவப்பு. "அம்மனே உத்தரவு கொடுத்தாச்சு" என்று பிள்ளையின் காதில் பெயரைச் சொல்லச் சொன்னார். அப்பா குனிந்து மூன்று தடவை செம்பருத்தி என்றார். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது.

அப்போது பூசாரி வழக்கப்படி அடுத்த பொட்டலத்தையும் பிரிக்கக் கையை நீட்டினார். அம்மா பிள்ளையை இறுக்கிப் பிடித்ததில் அது வீறிட்டது. அதற்குள் அத்தை முன்னால் போய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். சாமி சொல்லியாயிற்று, இனி அது எதற்கு என்று சொல்லிவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். மத்தியானமே ஃபெர்ரிக்குக் கிளம்பிவிட்டாள். பொட்டலத்தைப் பிரித்தாளா, அப்படியே எறிந்தாளா, எங்களுக்குத் தெரியாது.

அன்று தொடங்கி அம்மா பயத்திலேயே வாழ்ந்தாள். அத்தையிடமிருந்து யாராவது சேதி கொண்டுவந்தால் முகம் வெளுத்துவிடும். தீபாவளிக்கு அத்தை வந்தால் வாசலிலேயே அவள் முகத்தைப் படிக்கப் பார்ப்பாள். அத்தையோ எப்போதும்போலத்தான் இருந்தாள். சொல்லப்போனால் பிள்ளையின் பெயரை முழுதாகக் கூப்பிட்டது அவள் ஒருத்திதான். நாங்கள் செம்பு என்றால், அழகான பெயரை ஏன் உடைக்கிறீர்கள் என்று அதட்டுவாள். சில வருஷம் கழித்து அப்பா இன்னொரு பிள்ளை பற்றி வாயெடுத்தபோதும், அவளைப் பார், உடம்பா அது, விட்டுவிடு என்று அடக்கியது அத்தைதான். அப்பா அத்தோடு விட்டார். அதற்கெல்லாம் அம்மாவால் முழுசாகச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. தெரிந்தால் இவள் இப்படி இருப்பாளா என்பதுதான் அவள் பேச்சு. என்னிடம் மட்டும் பேசுவாள். சொல்லித் தொலைத்துவிடேன் என்பேன் நான். எப்படிச் சொல்வது என்பாள். இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது.

காலம் போயிற்று. பாலம் வந்தது. பலகை வீடு போய் அதே ஜெலுத்தோங்கில் பிளாட்டுக்கு மாறினோம். அப்பா தவறினார். செம்பருத்தி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, மூன்று ஷிப்டிலும் மாறி மாறிப் போய், அம்மாவைப் போலவே கண்ணுக்குக் கீழே கருப்போடு வந்து நின்றாள். அவள் பெயரை அங்கே யாரும் கேலி செய்யவில்லை. கேலி செய்ய யாருக்கும் நேரமில்லை என்று சொன்னாள்.

தொண்ணூறுகளின் நடுவில் அத்தைக்குக் கண்ணில் புரை. ஆப்பரேஷனுக்காக பினாங்குக்கு வந்து எங்கள் பிளாட்டில் தங்கினாள். மகன்கள் ஆளுக்கொரு ஊரில். ஆப்பரேஷன் முடிந்து வந்தவளை, உட்கார்ந்த இடத்திலிருந்து அம்மா எழவே விடவில்லை. வேளைக்குச் சோறு, வேளைக்குச் சொட்டு மருந்து. அத்தை ஒருகாலத்தில் தனக்குச் செய்ததையெல்லாம் திருப்பிச் செய்துவிடுகிற வேகம். அம்மாவுக்கே மூட்டுவலி, நடக்க முடியாது. உட்காரேன் என்று நான் கத்துவேன். அவள் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

அத்தை ஊருக்குக் கிளம்ப இருந்ததற்கு முந்தின நாள் மத்தியானம். நான் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அத்தை நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அம்மா ஒரு சொட்டு விட்டுவிட்டு, மருந்துக் குப்பியை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் நான் செம்பருத்திதான் வெச்சேன்."

மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டேன். இத்தனை வருஷம் சுமந்ததை இப்படி ஒரே வாக்கியத்தில் இறக்குவாள் என்று நான் நினைக்கவில்லை. அத்தை கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியும்" என்றாள். "தட்டை நான்தான தூக்கிட்டு வந்தேன். மல்லிப்பூ வாசமே வரல. பாதி வழியிலயே தெரிஞ்சிபோச்சு."

அம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் தட்டைக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைக்கக் கொடுத்திருக்கிறாள். தெரிந்தேதான் பூசாரியின் கையை முந்திக்கொண்டு மற்ற பொட்டலத்தை எடுத்திருக்கிறாள். எனக்கு அத்தை மேல் ஒரு கோபம்கூட வந்தது. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் அம்மா இத்தனை வருஷம் இப்படி வெந்திருக்கமாட்டாளே.

அம்மாவும் அதைத்தான் கேட்டாள், ஏன் ஒன்றுமே சொல்லவில்லை என்று.

மருந்தா கண்ணீரா தெரியவில்லை, அத்தை கன்னத்தில் வழிந்ததைத் துண்டால் ஒற்றிக்கொண்டாள். அப்புறம், ஊருக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"எங்கம்மாவும் எனக்காக ஒரு தடவ சாமிய ஏமாத்தியிருக்கலாமேன்னு தோணுச்சு."